மிச்சமிருந்த இருபது நிமிடம்

...இதோடு நான்காவது கோடு, உட்கார்ந்து இன்னும் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மனம் நான்கு தடவை எழுந்து போய்விட்டு வந்திருக்கிறது. முதல் தடவை ஐஸ்பெட்டியில் இருக்கும் மீனிடம், காலையில் பாசிர் பெனம்பாங் போய் வாங்கி வந்தது, இன்னும் கழுவவில்லை. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக் கரோக்கேயிடம். மூன்றாவது தடவை எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை, திரும்பி வந்தபோதுதான் போயிருந்ததே தெரிந்தது. நான்காவது தடவை இந்தக் கோடுகளிடமே போய் நின்றுகொண்டது, எத்தனை ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க. அதையும் ஒரு போக்காக எடுத்துக்கொள்வதா வேண்டாமா... எடுத்துக்கொண்டேன், ஏமாற்றுவதென்றால் யாரை ஏமாற்றுவது, இந்தச் சோதனையை இன்றைக்கு எனக்கு வைத்துக்கொண்டதே நான்தானே. மனம் பக்கத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் மலாய்ப் பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, ஞாயிறு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. நாற்பத்தொரு வயதுப் பொம்பளை ஒருத்தி தன் மனதுக்குப் பின்னாலேயே பென்சிலைத் தூக்கிக்கொண்டு அலைவதை நினைத்தால் சிரிப்பு வராதா, வந்தது, எதிரே உட்கார்ந்திருந்த என் மகள் ரூபினி நிமிர்ந்து "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை, நீ படி.

ரூபினிக்குப் பதினேழு வயது, ஃபார்ம் ஃபைவ், வருஷக் கடைசியில் பள்ளி இறுதிப் பரீட்சை, எஸ்.பி.எம். எழுதுகிறாள். எனக்கு இன்னும் பதினொரு நாளில் அதே எஸ்.பி.எம்.மில் மலாய் மட்டும், மறுதேர்வு. எட்டு வாரமாக இந்தச் சாப்பாட்டு மேசையில் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அவளுடைய கைப்பேசி மல்லாந்து கிடந்து ஸ்டாப்வாட்ச் ஓட்டிக்கொண்டிருக்கும். பதிவு செய்ய ஒரு 555 நோட்டு, சட்டைப் பையில் அடங்குமே, அந்தச் சின்ன நோட்டு. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் போடுவதைப் போலத்தான் அதில் போடுகிறோம், இரண்டு மணி நேரமும் எழாமல் உட்கார்ந்தால் முழுப் பேர், பாதியில் எழுந்து போனால் அரைப் பேர், உட்காரவே இல்லையென்றால் ஒரு கோடு கிழித்துவிடுவது. அப்படிப் போடலாம் என்று சொன்னவள் நான்தான். என் அம்மா நல்லம்மாள் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் அந்த முழுப் பேருக்காகத்தான் விடிவதற்கு முன்னால் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடினாள், மழை பெய்து பாதியில் வேலையை நிறுத்திவிட்டால் அரைப் பேர்தான், அன்றைக்கு வீட்டில் யாரும் அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டோம். ரூபினிக்கு அந்த வார்த்தை பிடித்துப் போய்விட்டது, அவளுடைய கூட்டாளிகளிடம்கூட "இன்னிக்கு எனக்கு முழுப் பேரு லா" என்று பீற்றிக்கொள்கிறாள்.

ஆனால் நேரத்தை அளப்போம் என்று ஆரம்பித்தது அவள். போன வருஷம் மலாயில் எனக்கு டி வந்தது. பாஸ்தான், ஆனால் எனக்கு வேண்டியது சி. பன்னிரண்டு வருஷமாகப் பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன், பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்துவது, சோறு ஊட்டுவது, காகிதத்தில் பூ வெட்டுவது, மவுரீன் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் முழு வகுப்பையும் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். அந்த மவுரீன் டீச்சர் இந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு வர டிப்ளோமாவில் சேர்ந்திருக்க வேண்டும், டிப்ளோமாவில் சேர மலாயில் சி வேண்டும், இல்லையென்றால் வெளியூரிலிருந்து புதுப் பிள்ளை ஒருத்தி வருவாள், இருபத்திரண்டு வயது இருக்கும், அவளுக்கு நான் பூ வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "கண்மணி, இந்தத் தடவை விட்டுட்டா எனக்கே கஷ்டமா இருக்கும்மா" என்று மவுரீன் டீச்சர் போன வாரம்கூடச் சொன்னார். போன வருஷம் ரிசல்ட் வந்த அன்று ரூபினி ஏன்மா என்று கேட்டாள், எனக்கு நேரம் பத்தவில்லை என்றேன். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நேரம்தான் பிரச்சினை என்றால் நேரத்தை அளந்துவிட வேண்டியதுதானே அம்மா என்றாள்.

சரி, அளந்தோம். ஐம்பத்தாறு நாளில் நாற்பத்தொன்பது முழுப் பேர், ஐந்து அரைப் பேர், இரண்டு நாள் இல்லை, ஒன்று என் வீட்டுக்காரர் ராஜு செகிஞ்சான் நெல் ஆலைக்கு லோரி ஓட்டிக்கொண்டு போய் டயர் வெடித்து நின்ற நாள், இன்னொன்று எனக்குத் தலைவலி. நல்லம்மாளே மெச்சிக்கொள்வாள். ஆனால் நேற்றுக் கறிக்கு வெங்காயம் உரிக்கும்போது சும்மா யோசித்துப் பார்த்தேன், வியாழக்கிழமை முழுப் பேர் போட்டேனே, அன்றைக்கு என்ன படித்தேன்? ஒன்றுமே வரவில்லை. புதன்கிழமை? வெள்ளத்தைப் பற்றி ஏதோ ஒரு கட்டுரை, அதில் ஆறு இருந்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று, நான் நாற்காலியில்தானே இருந்தேன், ரூபினி சாட்சி, கைப்பேசி சாட்சி... கோபம் வரவில்லை, பயம்கூட வரவில்லை, அதிசயமாக இருந்தது. நாற்பத்தொன்பது நாள், தொண்ணூற்றெட்டு மணி நேரம், இந்த வீட்டுக்குள்ளேயே எங்கேயோ தொலைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பென்சில். ஐந்தாவது கோடு.

ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைச் சுற்றுகிறது, ஆறாவது. தேங்காய் ஜாம் வைத்த காயா பன் இருக்குமா, ஏழாவது. இப்படிப் போனால் புத்தக ஓரம் பத்தாது. ஒன்று மட்டும் புரிகிறது, மீனிடமும் ரொட்டியிடமும் போகும் மனம் சீக்கிரம் திரும்பிவிடுகிறது, அதெல்லாம் அரை நிமிடம்கூட இல்லை. நெடுநேரம் எங்கேயோ போய்த் தங்குகிறதே, அது எங்கே? அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு என்னையே கவனித்துக்கொண்டிருந்தேன், பூனை பொந்துக்கு வெளியே உட்கார்ந்திருக்குமே, அப்படி. வந்தது. காது. என் காது முழுக்க மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரூபினியின் பேனா எழுதும் சத்தம், அது நிற்கும் இடம், பக்கம் புரளும் சத்தம், நாற்காலியில் அவள் சாய்வது. அவள் பேனா ஓடினால் நானும் படிக்கிறேன், அவள் பேனா நின்றால் என் கண்ணும் அதே வரியில் நின்றுவிடுகிறது. தாய் மனசு, பிள்ளை படிக்கிறாளா என்று பார்க்கத்தானே செய்யும் என்று முதலில் எனக்கு நானே ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். அப்புறம் சந்தேகம் வந்தது. பார்க்கிறதென்றால் அவள் நிறுத்தும்போது படி என்று சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லையே, நானும் அல்லவா நிறுத்துகிறேன்?

சோதித்துப் பார்ப்பதற்கு என்ன செலவு. எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திப் பேனாவை மேசையில் வைத்தேன், மெதுவாக, சத்தமில்லாமல். ரூபினி நிமிரவில்லை. காதில் இயர்போன் வேறு மாட்டியிருந்தாள். ஆனால் நான் மனதுக்குள் ஏழு எண்ணுவதற்குள் அவள் கையும் நின்றது. பேனாவை மூடி வைத்துவிட்டு ரப்பரை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். நான் மறுபடியும் எழுதினேன், அவளும் எழுதினாள். நிறுத்தினேன், இந்தத் தடவை பதினொன்று எண்ண வேண்டியிருந்தது, ஆனால் நிறுத்தினாள். நான்கு தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவை அப்படியே நடந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவளை நான் பார்க்கிறேன், என்னை அவள் பார்க்கிறாள், நடுவில் கைப்பேசி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நாலு நிமிடம் ஆயிற்று என்று காட்டிக்கொண்டிருக்கிறது. படிப்பது யார்?

"அம்மா," என்றாள் ரூபினி, இயர்போனைக் கழற்றிக்கொண்டே, எனக்குத் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவள் கேட்டது வேறு. ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தாள், பரீட்சைக்கு என்று, எத்தனை நிமிடத்தில் எதை முடிக்க வேண்டும் என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். "போன வருஷம் பெரிய கட்டுரையில எத்தனை பாயிண்ட் எழுதுனீங்க?"

"ரெண்டு."

"மூணாவது எழுத ஆரம்பிக்கிறப்ப டைம் என்ன இருக்கும்?"

"ஞாபகம் இல்ல லா."

"நல்லா யோசிங்கம்மா. எங்க டைம் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் பிளேன் பண்ண முடியும். சின்னக் கட்டுரையில ரொம்ப நேரம் எடுத்துட்டீங்களா?"

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். யோசிக்க என்ன இருக்கிறது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, ராஜுவிடம்கூட. போன வருஷம் எனக்கு நேரம் பத்தாமல் போகவில்லை. இருபது நிமிடம் பாக்கி இருந்தது. மேற்பார்வைக்கு நின்ற மலாய்க்கார அம்மாள் "இன்னும் இருபது நிமிடம்" என்று சொல்லிவிட்டு வெள்ளைப் பலகையில் எழுதியும் போட்டார். கட்டுரை கோத்தோங் ரோயோங்கைப் பற்றி, ஊர்கூடி வேலை செய்வதால் என்ன நன்மை என்று. இரண்டு பாயிண்ட் எழுதி முடித்திருந்தேன், மூன்றாவது தலைக்குள் தயாராக இருந்தது, செலவு மிச்சமாகும் என்பது, அதன் முதல் வாக்கியம்கூட இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரியும். பேனாவை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன்?

கை வலித்ததா, இல்லை. பாத்ரூம் போக வேண்டியிருந்ததா, அதுவும் இல்லை. பயமா... பயம் என்றால் ஆரம்பத்தில் அல்லவா இருக்கும், அப்போது நான் நன்றாகத்தான் எழுதினேன். இதுவரை இந்த இடத்துக்கு வந்தால் மனதைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், வெட்கமாக இருக்கும். இன்றைக்கு என்னமோ வெட்கத்தைவிட அதிசயம் பெரிதாக இருந்தது, எட்டிப் பார்த்தேன். பேனாவை வைப்பதற்குச் சற்று முன்னால் என்ன செய்தேன்? தலையைத் தூக்கினேன். தூக்கிப் பார்த்தால் மண்டபம் முழுக்கப் பிள்ளைகள், எல்லாம் பதினெட்டு பத்தொன்பது வயது, முன் வரிசையில் ஒருவன் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான், பக்கத்தில் ஒருத்தி நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு முன்னால் இருந்தவன் தாளை அடுக்கி வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கிறான். பேனா ஓடும் சத்தம் எங்கேயும் இல்லை. என்னுடையது மட்டும். அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லாரும் முடித்துவிட்ட இடத்தில் நான் மட்டும்... அப்போதுதான் பேனாவை வைத்தேன். ஆமாம், அப்போதுதான்.

இது எனக்குப் பழக்கமான ஒன்று, எங்கேயோ பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் என் இலை காலியாகி அரை மணி நேரமானாலும் வரிசையில் கடைசி ஆள் முடிக்கும்வரை எழ மாட்டேன், அது மரியாதை, எல்லாரும் செய்வதுதான். பாலர் பள்ளியில் நாற்பது பூ வெட்டச் சொன்னால் நான் பத்து மணிக்கே முடித்துவிடுவேன், ஆனால் மற்ற உதவியாளர் முடிக்கும்வரை கடைசிப் பூவைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பேன், அது என்ன மரியாதை? அம்மா. அம்மா இப்படித்தான் நிற்பாள். பத்து வயதில் பள்ளி விடுமுறைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன், செம்பனை மரங்களுக்கு நடுவில் பெண்கள் ஆளுக்கொரு நிரையாகப் புல் வெட்டிக்கொண்டு வருவார்கள், அம்மாவின் கை அவ்வளவு வேகம், முதலில் நிரையை முடிப்பவள் அவள்தான். முடித்துவிட்டு அந்த ஓரத்திலேயே நிற்பாள், தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவாள், கத்தியைத் தீட்டுவாள், மற்றவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த நிரை. ஒரு நாள் கூட இருந்த ஒருத்தி கேட்டாள், ஏன் நல்லம்மா நிக்கிற, வெட்டிட்டே போயேன். "நான் முந்திப் போனா உடையப்ப மண்டோரு பாத்துக்கிட்டே இருப்பான். நாளைக்கி எல்லாருக்கும் ஒரு நிரை கூடப் போட்டுருவான்." அவ்வளவுதான் சொன்னாள், அதுவும் என்னிடம் சொல்லவில்லை, நான் சோற்று அடுக்கைத் திறந்துகொண்டிருந்தேன்.

பழியைத் தூக்கி அம்மா தலையில் போடுவது சுலபம், அவள் இப்போது வந்து எதிர்வாதம் செய்யப் போவதில்லை. ஆனால் அவளுக்காவது காரணம் இருந்தது, நல்ல காரணம், அவள் நின்றதால் கூட இருந்த எட்டுப் பேர் முதுகு பிழைத்தது. பரீட்சை மண்டபத்தில் நான் மூன்றாவது பாயிண்ட் எழுதினால் யாருக்கு நிரை கூடும்? அந்தத் தூங்குகிறவனுக்கா? நான் ஒரு நாள்கூடத் தோட்டத்தில் பேர் போட்டதில்லை, கத்தி பிடித்ததில்லை, பிறகு எனக்கு எப்படி... காரணம் அங்கேயே நின்றுவிட்டது, நிற்கிற பழக்கம் மட்டும் என்னோடு வந்துவிட்டதோ? அல்லது இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் இன்னொரு "நேரம் பத்தவில்லை"தானோ? தெரியவில்லை. ஆனால் பதினொரு நாளில் அதே மாதிரி மண்டபம், அதே மாதிரி பிள்ளைகள், இருபது நிமிடம் இருக்கும்போது நான் தலையைத் தூக்குவேன். இந்தக் கலர்க் கட்டத் தாள் எனக்கு ஒன்றும் செய்யாது. இல்லாத ஒரு நோய்க்கு எட்டு வாரமாக இந்தப் பெண் மருந்து அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ரூபி," என்றேன், "எனக்கு டைம் பத்தாம போகல." அவள் புரியாமல் பார்த்தாள். இருபது நிமிடம் இருந்ததைச் சொன்னேன், மூன்றாவது பாயிண்ட் தெரிந்திருந்ததைச் சொன்னேன், பேனாவை வைத்ததைச் சொன்னேன், அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை, அது சாக்குச் சொல்வதைப் போல ஆகிவிடும். ரூபினியின் முகம் சிவந்துவிட்டது. நான் எதிர்பார்த்தது சிரிப்பு, "என்னம்மா நீங்க" என்று ஒரு செல்லக் கோபம், வந்தது நிஜக் கோபம்.

"அப்போ எட்டு வாரமா இதெல்லாம் எதுக்கும்மா? நான் டெய்லி கூட்டாளிங்களோட போகாம இங்க வந்து உக்காந்தேனே?"

"தப்புத்தான்."

"ஏன் வெச்சீங்க?"

"எல்லாரும் முடிச்சிட்டாங்க. நான் மட்டும் எழுதிக்கிட்டு இருக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

அவள் அந்தக் கலர்த் தாளை இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக. பக்கத்து வீட்டில் யாரோ உச்சஸ்தாயிக்குப் போய் எட்டாமல் திரும்பினார்கள். நான் அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன், போயிருந்தால் நியாயம். அவள் போகவில்லை, மடித்த தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போன மாசம் ஃபிசிக்ஸ் பேப்பர்ல எனக்கு அரை மணி நேரம் இருந்துச்சும்மா."

"எந்தப் பேப்பர்?"

"நாப்பத்தி ரெண்டு மார்க் வந்துச்சே, அது. கடைசிக் கேள்வி எனக்குத் தெரியும். எங்க கேங் எல்லாம் முடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. நான் மட்டும் எழுதிக்கிட்டு இருந்தா..." என்று நிறுத்தினாள். "ஒரு மாதிரி இருக்கும்ல."

டி வாங்கியது நான், அது போகட்டும், எனக்கு வயது நாற்பத்தொன்று, ஒரு பாலர் பள்ளி, ஒரு வகுப்பு, கிடைக்காவிட்டால் பூ வெட்டுவேன். ஆனால் இவள்? இவள் என்னிடம் எப்போது இதைப் பார்த்தாள், நான் எப்போது காட்டினேன்... இந்த மேசையிலா, எட்டு வாரமாக, நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திக்கொண்டு? நாற்பத்தொன்பது நாளும் முழுப் பேர் என்று என் கையாலேயே எழுதி வைத்தேனே. அழுகை வந்தது, அழவில்லை, அழுதால் அவளும் அழுவாள், பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு டீ போடப் போய்விடுவோம், நாளைக்கு மறுபடியும் இரண்டு மணிக்கு இதே நாற்காலி. ஏதாவது சொல்ல வேண்டும், அம்மா என்கிற முறைக்கு ஒரு புத்திமதி. வாயில் வந்ததெல்லாம் அரைகுறை. எழுதாம வந்துட்டவ எழுதுன்னு சொன்னா எந்தப் பிள்ளை கேட்கும்?

பேனாவை எடுத்தேன். கோத்தோங் ரோயோங், மூன்றாவது பாயிண்ட், செலவு மிச்சமாகும். போன வருஷத்து வாக்கியம் காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்து விழுந்தது, அதற்கடுத்த வாக்கியம் வரவில்லை, தட்டுத் தடுமாறித் தப்பும் தவறுமாக எழுதினேன், மலாயில் கூடாரத்துக்கு என்ன சொல்வார்கள் என்று நின்று யோசித்தேன், வந்தது, எழுதினேன். எதிரே ஒரு சத்தமும் இல்லை. ரூபினி எழுதவில்லை, நாற்காலி நகரவில்லை, பக்கம் புரளவில்லை. என் பேனா மட்டும் கறகற என்று போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு அசிங்கமான சத்தம், நிறுத்து நிறுத்து என்று கழுத்துக்குப் பின்னால் கூசுகிறது, யாரையோ விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறிப் போவதைப் போல மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. நான்காவது பாயிண்ட், பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துப் பழகுவார்கள். எழுதும்போதுதான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தது, முகம் சூடாகிவிட்டது, ஆனாலும் அதை அடித்துத் திருத்தவில்லை. ரூபினி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உச்சந்தலைக்குத் தெரிகிறது. இல்லை, பேனாவை எடுத்துவிட்டாளோ, இயர்போன் மாட்டிக்கொண்டாளோ, ஒருவேளை எழுந்தே போய்விட்டாளோ. நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். நிமிர்ந்து பார்த்தால் நான் நிறுத்திவிடுவேன் என்பதும் தெரியும். முடிவுரைக்கு ஒரு புது வரியில் ஆரம்பித்தேன்.